கதவைத் தட்டிவிட்டு வெளியே நின்ற அம்மாள்

அன்பு மகள் கைசாவுக்கு,

அப்பா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றபடி நான் சுகமாகத்தான் இருக்கிறேன், நீயும் மருமகனும் குழந்தையும் அந்த ஹவாய் வெயிலில் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஏரி உறைந்துவிட்டது, மீன் பிடிக்கிறவர்கள் குடிசைகளைப் பனிக்கட்டி மேல் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள், சாயங்காலம் இந்த முதியோர் இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர்களுடைய விளக்குகள் தெரிகின்றன. என் மேசையில் எதிரே உட்காருவாரே ஆர்வில், அவர் குளிர் தொடங்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், உனக்குச் சொன்னேனா தெரியவில்லை. காப்பி சூடாக இருக்கிறதா இல்லையா என்பதைத் தவிர நானும் அவரும் வேறு எதுவும் பேசிக்கொண்டதில்லை, ஆனாலும் எதிரில் ஒரு முகம் இருந்தது. இப்போது அந்த நாற்காலியையும் எடுத்துவிட்டார்கள், சுவரைப் பார்த்துக்கொண்டு கஞ்சி குடிக்கிறேன். வியாழக்கிழமை பேஸ்டி போடுகிறார்கள், மாவுக்குள் கறி மட்டும் இருக்கிறது, கிழங்கைக் காணோம், உன் அம்மா பார்த்திருந்தால் சமையல்காரரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

எழுத வந்த விஷயம் வேறு. இங்கிருந்து உனக்கு ஒரு போன் வந்ததே, உங்கப்பா பனியில துணியில்லாம நின்னுட்டிருந்தாரு, நெனவு தடுமாறுது, பூட்டு போட்ட பக்கத்துக்கு மாத்தணும், உங்களுக்குச் சம்மதமா என்று, நீயும் சரி என்றாயே, அன்று நடந்ததை யாரும் உனக்கு முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அன்று சனிக்கிழமை, கைசா. நம் வீட்டில் இருந்த மாதிரி ஆவியில் வேகிற சௌனா அறை இங்கே ஏது, ஆனால் சனிக்கிழமை எனக்குக் குளியல் முறை, வெந்நீரைத் திறந்துவிட்டு அறை முழுக்க ஆவி கட்டும்வரை உட்கார்ந்திருப்பேன், வாரத்தில் எனக்குப் பிடித்த பொழுது அது ஒன்றுதான். குளியலறைக்குப் பக்கத்தில் இருக்கும் தோட்டத்துக் கதவை யாரோ சரியாகச் சாத்தாமல் விட்டிருந்தார்கள், சௌனா முடிந்ததும் வெளிப்பனியில் நின்று ஆறிய பழக்கம், என் கால் தானாகப் போய்விட்டது. இடுப்பில் துண்டோடு படியில் நின்று ஆறினேன். துண்டு இருந்தது, அதை மட்டும் நீ நம்ப வேண்டும். உடம்பிலிருந்து ஆவி மேலே போய்க்கொண்டிருந்தது, கொஞ்ச நேரம் யாருடைய பொறுப்பிலும் இல்லாத மனுஷனாக நின்றேன். தலைமை நர்ஸ் புதிதாக வந்தவள், ஃப்ளோரிடாக்காரி, பனியையே இந்த வருஷம்தான் கண்ணால் பார்க்கிறாள், அவள் போட்ட கூச்சலில் நான்தான் பயந்துபோனேன். இங்க என்ன தாத்தா பண்றீங்க என்றாள், ஆறிக்கிட்டிருக்கேன் என்றேன். நம் ஆட்களாக இருந்தால் அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம், அவளோ கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டாள். கணுக்காலில் ஒரு பட்டையை மாட்டிவிட்டார்கள், வாசல் பக்கம் போனாலே அது அலறும். நானும் வாயைத் திறந்து ஒழுங்காகச் சொல்லவில்லை, நம் குடும்பத்தைப் பற்றி உனக்குத் தெரியாததா. சின்ன வயதில் நீயும் என் பக்கத்தில் செக்கச்செவேலென்று நின்று ஆறியவள்தானே, ஒரு நிமிஷம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம் என்று வருத்தம் இருக்கிறது, இல்லை என்றால் பொய். பிறகு நிர்வாகி வந்து, உங்க பொண்ணு ஒத்துக்கிட்டாங்க, மாத்தறப்போ விமானம் ஏறி வந்து கூட இருக்காங்களாம் என்றார். நீ வருகிறாய் என்றதும் அதற்கு முன் சொன்னதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. அந்தப் பக்கம் போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை, இருந்தும் சரி என்று சொல்லிவிடுவோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே லிஃப்டுக்குப் பக்கத்தில் குறைகேட்பாளர் என்று எழுதி போன் நம்பரோடு ஒரு சுவரொட்டி உண்டு, ஏதோ காப்பீட்டு விளம்பரம் என்று நான் நின்று பார்த்ததே இல்லை. அப்படி ஓர் ஆள் நிஜமாகவே இருக்கிறார். டெல்ஃபின் என்று ஓர் அம்மாள், முன்பு பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவராம், இந்த மாதிரி இல்லங்களில் இருக்கிறவர்களுக்காகப் பேச மாநில அரசு அனுப்புகிறது, இல்லத்துக்காரர்களுக்கு அவர் கட்டுப்பட்டவர் இல்லை. அவர் கதவைத் தட்டிவிட்டு வெளியிலேயே நின்றார். இங்கே எல்லோரும் தட்டிக்கொண்டே உள்ளே வந்துவிடுவார்கள், வாங்க என்று நான் சொல்ல வேண்டும் என்பதே எனக்கு உறைக்கவில்லை, பாவம் நெடுநேரம் நின்றார். உங்களை ஆபீஸ்ல அனுப்பினாங்களா, எம் பொண்ணு அனுப்பினாளா என்று கேட்டேன். யாரும் அனுப்பல, எல்லா ரூமுக்கும் வர்றதுதான், நான் உங்க ஆளு, வேணாம்னா சொல்லுங்க போயிடறேன் என்றார். காப்பி கொடுத்தேன், யாரிடமும் எதுவும் வாங்கக்கூடாதாம், தொடவில்லை. என்ன ஆனதோ, துண்டிலிருந்து கணுக்கால்வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், சரி என்று சொன்னால் மகள் வருவாள் என்பதையும் சேர்த்து. அவர் சிரிக்கவில்லை. உங்களுக்கு அந்தப் பக்கம் போகணுமா, இல்ல பொண்ணு வரணுமா, ரெண்டும் வேற வேறங்க என்றார். எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. பொண்ணு வரணும் என்றேன். அது என் கையில இல்லீங்க, மாத்தற விஷயத்துக்கு வேணா நான் கூட நிக்கிறேன் என்றார். உன்னிடம் பேசட்டுமா என்றும் கேட்டார், நான் சம்மதிக்காமல் ஒரு வார்த்தை வெளியே போகாதாம். வேண்டாம், என் மகளுக்கு நானே எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் கூட்டம் போட்டார்கள். நிர்வாகி, நர்ஸ், டாக்டர், நான், என் பக்கத்தில் டெல்ஃபின். நிர்வாகி அவரைப் பார்த்து, இவரு என்ன சொல்றாரு என்றார். எதிர்லதானே உக்காந்திருக்காரு, அவரையே கேளுங்க என்றார் டெல்ஃபின். எனக்காக முடிவெடுக்க நான் உனக்கு எழுதிக்கொடுத்திருக்கும் அதிகாரம்கூட எனக்குச் சுயபுத்தி இல்லை என்று டாக்டர்கள் எழுதிக்கொடுத்த பிறகுதான் செல்லுமாம், அதுவரை என் காரியம் என்னுடையது என்று எடுத்துச் சொன்னார். அதன் பிறகு நான் பேசுவதற்காகக் காத்திருந்தார். பேசினேன், நம் வீட்டுச் சௌனாவிலிருந்து ஆரம்பித்து. டாக்டர் இந்த ஊர்க்காரர், சிரிப்பை அடக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு யாரும் சொல்லலியே என்று நர்ஸ் முகம் சிவந்துபோனாள், சின்னப் பெண், எனக்கே பாவமாக இருந்தது. பட்டையை அங்கேயே வெட்டி எடுத்தார்கள். இனி சனிக்கிழமை யாராவது கோட்டோடு கதவில் நிற்பார்கள், நான் ஆறிவிட்டு வரலாம். முதல் தடவை அந்த நர்ஸே வந்து நின்றாள், பல் கிட்டிக்கொண்டு, இதுல என்ன சுகத்தக் கண்டீங்களோ தாத்தா என்று புலம்பினாள்.

ஆக, மாற்றம் எதுவும் இல்லை, நீ வருவதற்கும் வேலை இல்லாமல் போயிற்று. ஜெயித்துவிட்டு அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து அழுதேன், உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. நீ ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு முன்மேசைப் பெண்ணிடம் அப்பா எப்படி இருக்கார் என்று கேட்கிறாய், நல்லா இருக்கார் என்று அவள் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள், பக்கத்து நாற்காலியிலிருந்து நான் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் அறையிலும் போன் இருக்கிறது அம்மா, இனிமேல் என்னைக் கேள்.

ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. குழந்தையின் நெற்றியில் தாத்தா பெயரைச் சொல்லி ஒரு முத்தம் கொடு. தடித்த கோட்டு வாங்க மறக்காதே, உன் பழையது பூச்சி அரித்துவிட்டது. டெல்ஃபின் தன் கையில் இல்லை என்று சொன்னதை நானே கேட்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, புத்தி தெளிவாக இருக்கிறது, அறை மாற்றவும் ஒன்றும் இல்லை. சும்மா வா, கைசா.

இப்படிக்கு,
உன் அப்பா
வெய்க்கோ