கோட்டுக்கு அந்தப் பக்கம் உம் ஸ்கூட்டர்

பாய்,

இன்று சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் உம்முடைய ஹாரன் கேட்டது. சளி பிடித்த யானை தும்முவது போன்ற அந்தச் சத்தம் ஈரேழு பதினான்கு லோகத்திலும் வேறு வண்டிக்குக் கிடையாது. போன மாதம்தான் உமக்கு மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்தேன். கையிலிருந்த சுண்டல் பொட்டலம் நழுவி விழுந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

நம் சிநேகம் இந்தப் பெண்கள் பள்ளி வாசலில் முளைத்ததுதானே. மகள் நஸ்ரினை அழைத்துப்போக நீர் வாலாஜாபாத்திலிருந்து வருவீர். நான் அண்ணன் மகள் யாழினிக்காக நிற்பேன். ஆண்கள் தாண்டக் கூடாதென்று காவல்கார அம்மா சுண்ணாம்பில் கோடு போட்டிருப்பார். எல்லைக் காவல் ராணுவம்கூடச் சற்றே கண்ணயரும். அந்த அம்மா இமைத்து நான் கண்டதில்லை. ஒருநாள் மழைக்கு ஒதுங்க, கால் கட்டைவிரலை மட்டும் உள்ளே வைத்தீர். அவர் ஊதிய விசிலில் ஏகாம்பரநாதர் கோபுரத்துப் புறாக்கள் அத்தனையும் கிளம்பி உம் ஊரில் போய் இறங்கின.

"இன்னா தலைவரே, பொண்ணப் பெத்தவனுக்கு ஒரு மரத்து நெழலு கூடவா கெடையாது?" என்றீர், சொட்டச் சொட்ட நனைந்தபடி.

பிறகு அந்த மாரடைப்பு. மறுவாரம் முழுக்க நஸ்ரின் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. படித்தது போதும், கூட்டிப்போய்க் கூட்டிவர வீட்டில் ஆம்பளை யார் என்று உம் மச்சான்மார் பேசிக்கொள்வதாக யாழினி அழுதாள். நானே அழைத்துவருகிறேன் என்று உம் வீட்டுக்கு வந்து சொன்னேன். உம் மனைவி கதவோரம் நின்று, வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். தெருமுனைக் கடைக்குக்கூடத் தனியாகப் போகாதவர் என்று நீர்தானே சொல்லியிருக்கிறீர்? நஸ்ரின் படிப்பு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

இன்று ஒருவழியாகத் தலையைத் திருப்பினால், உம் ஸ்கூட்டர். அதன்மேல் கறுப்பு புர்கா, அதற்குமேல் உம் ஹெல்மெட். காவல்கார அம்மா விசிலை வாய்க்குக்கூடக் கொண்டுபோகவில்லை. கேட்டை அகலத் திறந்துவிட்டார். நீர் ஒரு விரலுக்குத் திட்டு வாங்கிய கோட்டின்மேல் உம் வண்டி முழுசாக ஏறி, உள்ளே புங்க மர நிழலில் போய் நின்றது.

"எப்பம்மா கத்துக்கினே?" கோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம ஏனாத்தூர் ரோட்டுல அவருதாண்ணா சொல்லிக் குடுத்தாரு. தான் ஒருநாளு ஜுரம்னு படுத்தா புள்ள ஸ்கூலு நிக்கக் கூடாதுன்னாரு. உங்ககிட்ட மட்டும் மூச்சு விடாதே, காஞ்சிபுரம் பூரா போஸ்டர் ஒட்டிடுவாருன்னாரு."

பாலாற்றில் வெள்ளம் வருவதுகூட அடிக்கடி நடக்கும் பாய், நீர் என்னிடம் ஒன்றை மறைப்பது நடக்காது. வீட்டுக் குழம்பில் உப்பு குறைந்ததைக்கூட எனக்குச் சொன்ன மனிதர் இதை விழுங்கிவிட்டீரே. வந்து பதில் சொல்லும்.

நஸ்ரின் ஓடிவந்து அம்மாவின் முதுகைக் கட்டிக்கொண்டாள். யானை மறுபடி தும்மியது, வண்டி போயிற்று.

நீர் நிற்கும் ஓரடி இடத்தைப் போன மாதத்திலிருந்து காலியாகவே விட்டு நிற்கிறேன். இன்று யாரோ ஒரு புது அப்பா அங்கே வண்டியை நுழைக்கப் பார்த்தார்.

"ஆளு இருக்குதுப்பா," என்றேன்.