சலவைக்கூடத்துப் பாட்டுக்கு ஒரு பரிசு

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன்னைக் கேட்டால் "பரவாயில்லை" என்று மழுப்புவாய் என்பதால் மாமாவிடமே விசாரித்துவிட்டேன். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு பயிற்சி கொடுத்துப் பேச வைத்துவிட்டார்களாம். நீதான் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாயாம். கைப்பேசியில் செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுத் தப்பிவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பரிசின் வரலாற்றை எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். "நாட்டார் பாடல் பதிவுப் பரிசு" என்று இன்றைக்குக் கம்பீரமாகச் சொல்கிறோம். தொடங்கியவர்கள் என்னவோ நாலைந்து இசைத்தட்டுக் கடைக்காரர்கள், ஒரு கடையின் பின்னறையில். வேலை செய்யும் இடத்தில் ஜனங்கள் தாங்களாகப் பாடுவதை யாராவது பதிவு செய்து அனுப்பினால் உட்கார்ந்து கேட்பார்கள். பாடியது யார், எந்த ஊர் என்று நடுவர்களுக்குச் சொல்லக் கூடாது. கேட்கும்போது பேச்சு கூடாது. மனதைத் தொட்டால் நாற்காலியை விட்டு எழுந்து நிற்க வேண்டும், அதுதான் ஓட்டு.

அந்தக் காலத்தில் சில வருடங்கள் தொடர்ந்து ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சரி, மூடிவிடலாம் என்று கடைசியாக ஒரு தடவை கூடியிருக்கிறார்கள். அன்று ஒரு ஒலிநாடா ஓடியது. பாதிப் பாட்டுக்குள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். இன்றைக்கும் இந்தப் பரிசு உயிரோடு இருக்கிறதென்றால் அந்த ஒரு நாடாதான் காரணம்.

நாடாப் பெட்டியின் மேல் "சலவைக்கூடம், வேலை நேரம்" என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. பதிவு செய்தவர் முடிவு தெரியும் முன்பே காலமாகிவிட்டதால் பரிசை வாங்க ஆளே கிடைக்கவில்லை. கனத்த ஆண் குரல்கள். வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. "சாவை அருகில் பார்த்த ஆண்களின் பிரார்த்தனை" என்று நடுவர்கள் குறித்திருக்கிறார்கள். நானும் கேட்டேன், உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள் நீ. அங்கே ஆண்கள் பாடுவார்களா?

உன்
குட்டை


பிப்ரவரி 12

அன்புள்ள குட்டைக்கு,

ஆண்களா? எங்கள் சலவைக்கூடத்தில் இருந்த ஆண்கள் இரண்டே பேர். கொதிகலன்காரர் தூங்குவார், சூப்பர்வைசர் கத்துவார். பாடியது நாங்கள். ஈரப் படுக்கை விரிப்பை எதிரெதிரே நின்று உதறி மடிக்க வேண்டும். பாட்டு இல்லாவிட்டால் இரண்டு பேர் கையும் சேராது. ஒரு நாள் ஒருவர் பெட்டியும் மைக்குமாக வந்து மூலையில் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு ஆளையே காணோம்.

பாட்டைப் பற்றி என்னிடம் கேட்காதே. ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி ஒரு நாள் பேசிப் பார்த்தேன். "யாருங்க அது, வீட்ல ஆம்பளைக் குரல் கேக்குது?" என்று பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அன்றோடு சரி. உன் மாமாவிடம்கூட எழுதித்தான் காட்டுகிறேன். பூனையிடம் மட்டும் பேசுவது உண்டு. அதற்குப் போக்கிடம் இல்லை, பாவம்.

உன் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

அக்கா


மார்ச் 1

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள்.

பழைய நாடாக்களைக் கணினியில் ஏற்றும் பெண் நேற்று கை தவறி வேகத்தை மாற்றிவிட்டாள். அந்தக் கனத்த ஆண்கள் மறைந்து போனார்கள். அறை முழுக்கப் பெண்கள்! துணி உதறும் சத்தம், நடுவில் ஒரு பாட்டு:

"சட்டைக்கெல்லாம் பொத்தான் இருக்கு,
சாரு வாய்க்குத்தான் பூட்டே இல்ல!"

தொடர்ந்து மூக்கால் ஒரு சிரிப்பு. உலகத்தில் அப்படிச் சிரிக்கக்கூடியவள் ஒருத்திதான். அக்கா, நீ இவ்வளவு நன்றாகப் பாடுவாயா? ஒரே வீட்டில் வளர்ந்தும் எனக்குத் தெரியாமல் போயிற்றே!

அன்றைக்கு நடுவர்களுக்கு நாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டியிருக்கிறார்கள். சூப்பர்வைசரைக் கிண்டல் செய்த பாட்டைக் கேட்டுத்தான் அத்தனை பேரும் கண்ணீர் விட்டிருக்கிறார்கள்! பரிசுக் குழுத் தலைவர் முதலில் குதித்தார். "தப்பா ஓட்டின நாடாவுக்கா பரிசு கொடுத்தோம்? வெளியில தெரிஞ்சா நம்ம மானம் என்னத்துக்கு ஆகும்?" என்றார். "ஒரு தடவ கேட்டுட்டுச் சொல்லுங்க சார்" என்றேன். கேட்டார். பிறகு, "அவங்க யாராவது இருக்காங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

விழா ஏப்ரலில். சலவைக்கூடத்துப் பெண்கள் சார்பில் நீ வந்து வாங்க வேண்டும். வாங்குபவர் நாலு வார்த்தை பேசுவது வழக்கம். கவலைப்படாதே, உனக்காக நான் பேசிவிடுகிறேன். நீ பக்கத்தில் நின்றால் போதும். குறுந்தகடு இத்துடன் இருக்கிறது. முதலில் சரியான வேகம், அடுத்தது நடுவர்கள் கேட்ட வேகம்.

குட்டை


மார்ச் 9

தம்பிக்கு,

நான் வரவில்லை.

பாடத் தெரிந்த ஒருத்தியைப் போட்டுக் காட்டிவிட்டு, பக்கத்தில் என்னைப் பொம்மையாக நிறுத்தப் போகிறாய். அவள் பாடுவாள், நீ பேசுவாய், நான் எதற்கு? உனக்கு நல்ல மனசுதான். ஆனாலும் வலிக்கிறது. குறுந்தகட்டை அலமாரியில் வைத்துவிட்டேன். கேட்க மாட்டேன். இனி இதைப் பற்றி எழுதினால் பதில் வராது.

அக்கா


மார்ச் 27

அன்புள்ள குட்டைக்கு,

பதில் வராது என்று சொன்னவளே எழுதுகிறேன், சிரிக்காதே.

நேற்று மாமா பின்பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மனசு கேட்கவில்லை, குறுந்தகட்டை ஓட விட்டேன். முதல் பாட்டில் அந்தக் குட்டி ராட்சசி என்னமாய்ப் பாடுகிறாள்! சந்தோஷமாக அழுதேன். அவள்மேல் எனக்குப் பொறாமை வரும் என்று பயந்திருந்தேன், வரவில்லை. சூப்பர்வைசர்மேல்தான் இப்போது இரக்கம்.

அடுத்தது தொடங்கியது. கரகரவென்று, அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்து வரும் குரல். இரண்டு வரிகூட முடிந்திருக்காது. கையில் குழாயோடு மாமா ஓடி வந்தார், கூடமெல்லாம் தண்ணீர். "பேசிட்டியா? யார்கிட்டம்மா பேசினே?" என்கிறார். கண் கலங்கியிருந்தது. இந்தக் குரலுக்காக மனிதர் இத்தனை நாளும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை.

"நான் இல்லீங்க, அது பாட்டு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதே குரல்தான் வந்தது, குட்டை.

அழுதார்களே உன் நடுவர்கள், அவர்கள் கேட்டது இந்தக் குரலைத்தான். அந்தக் குட்டி ராட்சசியை அவர்கள் கேட்கவே இல்லை.

விழாவுக்கு வருகிறேன். எனக்காக நீ பேச வேண்டாம், நானே பேசுவேன். மெதுவாகத்தான் வரும். காத்திருக்கச் சொல்.

உன்
அக்கா