அண்ணனூர்ச் சுவரில் இருந்த கார் ஜன்னல்

இன்று பட்டறையில் புதிதாக வந்தவன் பித்தளை பாலிஷ் டப்பாவைத் திறந்தான். நெடி தாங்காமல், "மூடித் தொலை மச்சான்" என்று திரும்பினேன். உன் இடத்தில் உட்கார்ந்திருந்த அவன் விழித்தான். அவனோடு பேச எனக்கு ஒன்றுமில்லை. நீ செத்த பிறகு இங்கே யாரோடும் பேச ஒன்றுமில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நம் அம்பத்தூர்ப் பட்டறைக்கு வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். இரண்டே பேர் உட்காரலாம், மேல்மூடியை மடக்கிவிடலாம். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தகடு பதித்த அலுமினியச் சட்டங்களைக் கதவின் மேல் செருக வேண்டும். தகடு இரண்டும் மஞ்சளாகி, மயிரிழைக் கீறல்களால் நிறைந்திருந்தன. புதிதாகப் போடு, பழசைத் தூக்கிப் போடு என்றார் கார்க்காரர். நீ புதுத் தகடு அறுத்துப் பதித்தாய். நான் ஓரத்துக்குக் கித்தான் துணி தைத்தேன். தூக்கிப் போடச் சொன்னதை நீ சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனாய்.

அண்ணனூரில் தண்டவாளத்தை ஒட்டிய உன் மண்சுவர் வீட்டில் பகலிலும் விளக்கு வேண்டும். பிள்ளை பெற்ற உன் மனைவி அந்த இருட்டில், அடுப்புப் புகையில் படுத்திருந்தாள். நீ சுவரை உடைத்து இரண்டு தகடுகளையும் பக்கம் பக்கமாகப் பதித்தாய். நான் வந்தபோது அவள் அதன் வழியாகப் பிள்ளைக்கு ரயில் காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜன்னலு வந்துட்சி. காரு எப்பய்யா வரும்?" என்று உன்னைச் சீண்டினாள்.

தெருவே வந்து பார்த்ததால் கண் பட்டுவிடும் என்று ஒரு தகட்டின் மூலையில் மையால் பொட்டு வைத்திருந்தாள். பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்று நம் மேஸ்திரியையும் கூப்பிட்டாய். ஜன்னலுக்கு நேராக உட்காரவைத்து, அது எந்தக் காருடையது என்று பெருமையாகச் சொன்னாய்.

அதுதான் வினையானது. சில மாதங்களில் கார்க்காரர் திரும்பி வந்தார். பழைய கார்ப் போட்டிக்கு எல்லாம் அந்தக் காலத்துப் பொருளாகவே இருக்க வேண்டுமாம். பழைய தகடுகள் எங்கே என்றார். உடைந்துவிட்டதென்று சொல்லச் சொல்லி உன் காலை மிதித்தேன். அதற்குள் மேஸ்திரி வாயைத் திறந்துவிட்டார்.

உன் சந்துக்குள் கார்க்காரர் வரவில்லை. ரோட்டிலேயே வண்டியில் உட்கார்ந்திருந்தார். உன் மனைவி பிள்ளையோடு போய்க் கேட்டாள்: "நீங்க தூக்கிப் போட சொன்னதுதான சார்?"

"அது என் காரோடதும்மா."

அவ்வளவுதான். அவர் வண்டிக்கு அதன் பழைய ஜன்னல் மேல் இருந்த உரிமை, உன் பிள்ளைக்கு வெளிச்சத்தின் மேல் இல்லை. கீறாமல் எடு என்று மட்டும் சொல்லி அனுப்பினார். நீயே பெயர்த்து எடுத்தாய்.

பிறகு தண்ணீர் விட்டு மெல்லிய உப்புத்தாளில் தேய்த்தாய். பஞ்சில் பித்தளை பாலிஷ் தொட்டுத் தேய்த்தாய். மஞ்சள் முழுவதும் போகவில்லை, ஆனால் தகடு தெளிந்தது. நடுவில் ஆழமாக ஒரு கோடு போடு என்றேன். "அந்தாள் மேல கோவம்னா அந்தாள்கிட்ட காட்டு மாமே. இது இன்னா பண்ணுச்சு?" என்றாய். அந்தப் பதிலை நான் அன்றும் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. அவள் வைத்த பொட்டின் மை மட்டும் கீறலுக்குள் இறங்கிப்போய் வர மறுத்தது. நீ அதற்கு மேல் தேய்க்கவில்லை. நான் கித்தானை ஒரு விரல் ஏற்றித் தைத்து மறைத்தேன். கார்க்காரர் சட்டத்தை வெயிலில் பிடித்துப் பார்த்து, "இதான்யா ஒரிஜினல்" என்றார். நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்போம்.

சுவர் ஓட்டையை நீ தகரம் வைத்து அடைத்தாய். அடுத்த மழைக்காலத்தில் காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று. ஜன்னல் போனதால் செத்தாய் என்று கதை கட்ட மாட்டேன். உங்கள் தெருக் குழாய்த் தண்ணீரைப் பார்த்தவனுக்கு வேறு காரணம் தேவையில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு புதுத் தகடு வாங்கிக்கொண்டு அண்ணனூர் போனேன். தகரத்தைப் பிரிக்கக் கை வைத்ததும் உன் மனைவி தடுத்தாள்.

"வேணாண்ணே. நாளைக்கே இன்னொருத்தன் வந்து கேப்பான். புள்ள இப்பத்தான் ரயிலு காட்டுன்னு அழுவறத நிறுத்திகீது."

இது புதுசு, இதை யாரும் கேட்டு வர மாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கே நிச்சயமில்லை.

தகட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ரயில் ஏறினேன். எதிரில் இருந்தவர் இது எந்த வண்டிக்கு என்று கேட்டார். வீட்டுக்கு என்றேன். அவர் சிரித்தார். இப்போது அது என் அறையில் சுவரோரம் சாய்ந்திருக்கிறது. கீறல் விழாமலிருக்க ஒட்டி வருகிற காகிதத்தை நான் இன்னும் உரிக்கவில்லை.