முதலில் பேச்சு, அப்புறம் கதவு

பிப்ரவரி 9

அன்புள்ள டிட்டுவுக்கு,

அண்ணன் எழுதுவது. இடுப்புக்கு மேலே சௌக்கியம். கீழே எப்படி என்று உனக்கே தெரியும். மாப்பிள்ளையையும் விசாரித்ததாகச் சொல்.

போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். கடிதம் என்றால் இரண்டு பேரும் கொஞ்சம் மனிதர்களாக இருக்கிறோம். அதனால் இப்படியே தொடர்வோம்.

"அந்தப் பொந்தை விட்டுட்டு எங்களோட வந்து இரு" என்று மறுபடியும் எழுதியிருக்கிறாய். பொந்துதான். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஊரெல்லாம் லிஃப்ட் மாட்டினவன் லிஃப்ட் இல்லாத வீட்டில் மாட்டிக்கொண்டான் என்று கீழ்வீட்டுத் தையற்காரர் வாரம் தவறாமல் சொல்லிச் சிரிப்பார். நானும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரித்து வைப்பேன். தினமும் என்னைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கிற மனிதரைப் பகைத்துக்கொள்ள முடியுமா?

ஜன்னலில் தெரிவது எதிர்க்கட்டடத்துச் சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும். நான் விழுந்த நாளிலிருந்து அந்தக் குழாய் ஒழுகுகிறது, சரிசெய்யத்தான் ஆளில்லை. ஆனால் ரேடியோவைப் போட்டுவிட்டால் சுவர் மறந்துபோகும். இன்று காலையும் அந்த வெளிநாட்டு ரொட்டிக்காரர் ரேடியோவில் வந்தார். அவர் தேசத்தில் பனியாம். மாவு பொங்கும்வரை என்னோடு பேசுவார். வாய்ப்பேச்சு இல்லை, தந்திபோலத் தட்டிப் பேசுகிற நம் மோர்ஸ்தான், அதே குட்டை டிட்டும் நீட்டு டாவும். முகம் பார்த்ததில்லை. ஆனால் அவர் தட்டுகிற விதத்தை வைத்தே சளி பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.

உன் வீட்டில் ஆண்டெனா கட்ட விடுவார்களா? அதற்கு மட்டும் பதில் எழுது.

அன்புடன்,
அண்ணன்

*

பிப்ரவரி 24

அன்பு அண்ணா,

பதில் இதோ: விட மாட்டார்கள். குடியிருப்புச் செயலாளரிடம் நேரிலேயே கேட்டேன். "மொட்டைமாடில கம்பம் நடணுமா? இது என்னம்மா, ஏர்போர்ட்டா?" என்றார். வாசலில் பலகையே மாட்டியிருக்கிறார்கள். ஆண்டெனா கூடாது. நாய் கூடாது. துணிக்கொடி பால்கனிக்கு உள்ளே மட்டும். போதுமா?

அப்படியொரு ஆண்டெனாக் கம்பத்தை நிமிர்த்தப் போய்த்தானே மாடியிலிருந்து விழுந்தாய்? உன் காலை வாங்கியது அதுதான். இன்னமும் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறாய். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்னொன்று. தையற்காரர் எனக்குப் போன் செய்தார். மே மாதம் மகள் வீட்டோடு போய்விடப் போகிறாராம். உன்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அப்புறம் உன்னை யார் தூக்கி உட்கார வைப்பார்கள்? ரொட்டிக்காரரா?

இங்கே நாங்கள் தரைத்தளம். உனக்கென்று ஓர் அறையை வெள்ளையடித்துக் காலியாகவே வைத்திருக்கிறோம். சக்கர நாற்காலியிலேயே தெருவுக்குப் போகலாம், நாலு மரத்தைப் பார்க்கலாம். எனக்கும் பல் ஆஸ்பத்திரி வேலை, வியாழக்கிழமை வகுப்பு, பரீட்சை என்று மூச்சுவிட நேரமில்லை. ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் நீ தரையில் விழுந்து கிடப்பதுபோலவே தோன்றுகிறது. அந்தப் பயத்தோடுதான் தினமும் இறங்குகிறேன்.

கோபத்தோடும் அன்போடும்,
டிட்டு

*

மார்ச் 12

அன்புள்ள டிட்டு,

தையற்காரர் கொஞ்ச நாளாகத் தன் லிஃப்ட் ஜோக்கைச் சொல்லவில்லை. அப்போதே எனக்குப் பட்டது. கேட்டேன். என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே "ஆமா" என்றார்.

பயமாக இருக்கிறது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் என்ன செய்வோம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். கதவைத் திறக்க நேரமாகும். அதனால் முதலில் பேச்சு, அப்புறம் கதவு. "சார், சாப்டாச்சா? வீடு எங்க? நான் இங்கயேதான் நிக்கிறேன்." குரல் கேட்கிறவரை உள்ளே இருப்பவர் தாங்கிக்கொள்வார். பேச்சு நின்றால் கதவை உதைக்க ஆரம்பித்துவிடுவார். இப்போது உள்ளே இருப்பது நான். வெளியிலிருந்து எனக்குப் பேச்சுக் கொடுப்பது அந்த ரேடியோப் பெட்டிதான்.

நீ பஸ்ஸில் நினைத்துக்கொள்வது ஒருநாள் நடந்தது. போன மழைக்காலம், தையற்காரர் ஊரில் இல்லை. நாற்காலி வழுக்கித் தரையில் கிடந்தேன். போனும் எட்டவில்லை, ரேடியோவும் எட்டவில்லை. வழக்கமான நேரத்தில் நான் ரேடியோவில் வராததால் ரொட்டிக்காரர் பதறி, என் ஊர்க்காரர் யாராவது கேட்கிறீர்களா என்று விடாமல் கூப்பிட்டிருக்கிறார். இங்கே என்னைப்போலவே செட் வைத்திருக்கிற ஒரு மருந்துக்கடை அம்மாவுக்கு அது கேட்டிருக்கிறது. விலாசம் தேடி, மூச்சு வாங்க மாடியேறி வந்தார். "நீங்கதானா அது? தட்டுற வேகத்தைக் கேட்டுக் காலேஜ் பையன்னுல்ல நெனச்சேன்" என்றார், தரையில் கிடந்த என்னைப் பார்த்து.

உன் வீட்டுக்கு வந்தால் மரம் பார்ப்பேன், சரி. கதவு திறந்திருக்கும், பேச்சு நின்றுவிடும். அந்த அறையில் நான் சுவரை உதைக்கவும் முடியாது. வரமாட்டேன்.

சின்ன வயதில் நம் இரண்டு அறைக்கும் நடுச்சுவரில் தட்டித்தட்டிப் பேசுவோமே, நினைவிருக்கிறதா? உனக்கு எல்லும் எஃப்பும் எப்போதும் தலைகீழ். லைட்டை அணைக்கச் சொல்லி 'லைட்' என்று தட்டுவதாக நினைத்து 'ஃபைட்' என்று தட்டுவாய். நானும் எழுந்து வந்து உன் தலையில் குட்டுவேன். இப்போதும் நீ லைட் என்றுதான் எழுதுகிறாய். எனக்குத்தான் ஃபைட் என்று வந்து சேருகிறது.

அன்புடன்,
அண்ணன்

*

மார்ச் 28

அண்ணா,

தரையில் கிடந்ததைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி 'வா' என்று எழுதமாட்டேன். எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. அந்த மருந்துக்கடை அம்மாவின் நம்பரை மட்டும் அனுப்பு. நன்றி சொல்ல வேண்டும்.

பால்கனியில் புதுத் துணிக்கொடி கட்ட ஆள் வந்திருக்கிறார். போகிறேன்.

டிட்டு

*

ஏப்ரல் 20

அன்புள்ள டிட்டு,

நம்பரை அனுப்பி எத்தனையோ நாளாகிவிட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன கடிதத்தில் 'அன்புடன்' போடாமலே கையெழுத்துப் போட்டிருந்தாய். கவனித்தேன்.

தையற்காரர் மெஷினைச் சாக்கில் சுற்றிவிட்டார். வேறு ஆள் பார்த்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படி ஒருவரும் இல்லை. ரொட்டிக்காரரோடு பேசும்போதுகூட மனம் வாசலிலேயே நிற்கிறது. திட்டியாவது எழுதேன்.

அன்புடன்,
அண்ணன்

*

மே 4

என் டிட்டுக்குட்டிக்கு,

நேற்றுக் காலை ரொட்டிக்காரர் போனதும் ரேடியோவை அணைக்கக் கையை நீட்டினேன். யாரோ என்னைக் கூப்பிடுவது கேட்டது. புதுக்கை. தட்டுத்தடுமாறி, ஒவ்வோர் எழுத்தாகக் கூடையில் காய் பொறுக்கிப் போடுவதுபோல வந்தது. பென்சிலை எடுத்து எழுதினேன். எச். ஈ. எஃப். எஃப். ஓ.

ஹெஃப்போ!

உலகத்திலேயே ஒரே ஒரு ஆள்தான் ஹலோவை இப்படிச் சொல்லும். உனக்கு ரேடியோ லைசென்ஸ் பரீட்சையில் எவன் பாஸ் போட்டான்?

பதில் தட்டப் போனால் என் கை கேட்கவில்லை. எழுத்துகள் தாறுமாறாகப் போயின. "என்ன அண்ணா, கை நடுங்குது? சளியா?" என்று தட்டினாயே. ஆமாம் என்றேன். சளியில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை வகுப்பு என்றால் கம்ப்யூட்டர் ஏதோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மருந்துக்கடை அம்மா தன் பழைய செட்டை உனக்குப் பார்சல் போட்டுவிட்டு, என்னிடம் வந்து தலைவலி மாத்திரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், பொல்லாத மனுஷி! துணிக்கொடியே ஆண்டெனாவாம். அந்தச் செயலாளரே வந்து தொட்டுப் பார்த்து, "செம்புக் கம்பியா? நல்லா உழைக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாராம். நீ அதைத் தட்டி முடிப்பதற்குள் நான் சிரித்த சிரிப்பில் தையற்காரர் பயந்துபோய் மேலே ஓடி வந்தார்.

முதலில் பேச்சு, அப்புறம் கதவு. பேச்சை நீ கொடுத்துவிட்டாய். இனி கதவைத் திற. வண்டிக்குச் சொல்லிவிடு. "நானே கீழ எறக்கி விட்டுட்டுத்தான் ஊருக்குப் போவேன்" என்கிறார் தையற்காரர். ரொட்டிக்காரரிடமும் சொல்லிவிட்டேன், இனி தரைத்தளத்திலிருந்து பேசுவேன் என்று.

வருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. இனிமேல் அந்தக் கொடியில் ஈரத்துணி காயப்போடாதே.

அன்புடன்,
அண்ணன்