முதலில் அவரிடமே வாசி

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது.

நீ நலமா என்று கேட்டால் "ம்" என்பாய், அதனால் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். நாங்களும் நலம், உன் அப்பாவுக்கு மூட்டு வலி, அதுவும் யாராவது விசாரித்தால் மட்டும். உன்னை ஒரு நடை வரவழைக்கத்தான் இந்தக் கடிதம், ஆனால் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுமையாகப் படி. என் பிழைப்பு அதேதான், கல்லூரிப் பிள்ளைகளுக்கு நாடகம் எழுதச் சொல்லிக்கொடுப்பது. இந்த வருஷம் எல்லோரும் வீட்டு ஆட்களைத்தான் கிழிக்கிறார்கள், ஒரு நாடகத்திலும் அம்மா இரண்டாம் காட்சியைத் தாண்டி உயிரோடு இருப்பதில்லை. என் விதி உனக்குத் தெரியும், யாரைப் பற்றி எழுதினாலும் முதலில் அந்த ஆளை எதிரே உட்காரவைத்து முழுக்க வாசித்துக் காட்ட வேண்டும், அப்புறம்தான் மேடை. இதைச் சொன்னதும் பாதிப் பேர் அப்பாவை அடுத்த வீட்டுக்காரராக மாற்றிவிடுவார்கள்.

ஒரு பெண் மட்டும் மாற்றவில்லை. வாயே திறக்காத பெண், முணுமுணுப்பு என்றுதான் கூப்பிடுவோம். வீட்டில் யாரையும் பேசவிடாத அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாள். அவர் எங்கள் கல்லூரி ஆபீஸ் மேனேஜர்தான். வந்து உட்கார்ந்து கேட்டவர் கோபப்படுவார் என்று பார்த்தால் பூரித்துப்போனார். "என்னம்மா, நான் இவ்வளவு மெதுவாவா கத்துவேன்? இன்னும் ரெண்டு வரி சேத்துக்கோ" என்றார். மறுநாளிலிருந்து ஒத்திகைக்கு ஆஜர். நாற்காலியை எப்படி உதைப்பது என்று, அவர் வேஷம் போடும் பையனுக்குச் செய்து காட்டுகிறார், ஆபீஸ் முழுக்க "என் வாழ்க்கைய நாடகமா போடுறாங்க" என்று தம்பட்டம் வேறு. திட்டி எழுதினால் பாராட்டு விழாவாகிவிட்டதே என்று அவள் என்னிடம் வந்து அழுதாள். திட்டியது போதும், அவர் கேட்காமல் விட்டதை எழுது என்றேன். கடைசிக் காட்சியை மாற்றி எழுதி மறுபடி அவர் முன்னால் வாசித்தாள். மகள் "அப்பா, ஒரு விஷயம்" என்று கதவருகே நிற்கிறாள், அப்பா பேசிக்கொண்டே இருக்கிறார், விளக்கு அணைகிறது. மனிதருக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பொண்ணு என்ன சொல்ல வந்துச்சு? அதச் சொல்லாம முடிச்சா எப்படி?" என்று எழுந்துவிட்டார். "நீங்க இன்னும் கேக்கலியேப்பா" என்றாள், முதல் முறையாகக் கடைசி வரிசை வரை கேட்கும்படி. அவர் உட்கார்ந்துவிட்டார். இப்போதும் வருகிறார், ஆனால் மூச்சு விடுவதில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள்தான் பேசுகிறாள், நிறுத்துவதே இல்லை, பாவம் அவர் பாடு திண்டாட்டம்.

இப்போது உன் விஷயம். நானும் ஒரு நாடகம் எழுதியிருக்கிறேன். தூரத்தில் வேலை பார்க்கும் மகன் நடந்துகொண்டே அம்மாவோடு போன் பேசுகிறான், லிஃப்ட் வந்ததும் வைத்துவிடுகிறான், அவ்வளவுதான் கதை. உன் அப்பா "எனக்கு எத்தன வசனம்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை, உங்களிடம் போனைக் கொடுக்கச் சொல்லி அவன் கேட்பதே இல்லையே என்றேன், அப்புறம் அவர் மூட்டு வலியைக்கூடச் சொல்லவில்லை. பிள்ளைகள் மேடையேற்றத் துடிக்கிறார்கள், நான்தான் நிறுத்திவைத்திருக்கிறேன். விதி எனக்கும்தானே. போனில் வாசிக்க மாட்டேன், லிஃப்ட் வந்துவிடும்.

நின்றுகொண்டே சாப்பிடாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. குறையொன்றும் இல்லாமல் இரு. லீவு கேட்க மறக்காதே. வந்து கேட்டுவிட்டுத் திட்டினாலும் சரி, உனக்கும் இரண்டு வரி சேர்த்துவிடுகிறேன். இப்போதைக்கு உன் வசனம் "சரிம்மா, வைக்கிறேன்" ஒன்றுதான்.

எதிரே ஒரு நாற்காலி போட்டுவைத்திருக்கும்
உன் அம்மா