ஒன்பது வயது, இருபத்தெட்டு கிலோ

அன்புள்ள தேவசகாயம்,

நீர் போன பிறகு எழுதுகிற முதல் கடிதம் இது. உமக்கு முகவரி இல்லாததால் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். மற்றவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும்.

பாடம் தொடங்குமுன் கரும்பலகையில் தலைப்புகளை வரிசையாக எழுதிப் போடுவது தர்க்கம் கற்பித்த காலத்திலிருந்து எனக்குள்ள பழக்கம். "அண்ணாச்சி காப்பி குடிக்கணும்னாலும் நம்பர் போட்டுத்தான் குடிப்பாரு" என்று நீர் சொல்வீர். இன்றும் அப்படித்தான்.

1. ராஜாவின் உடல்நிலை.
2. அவன் மருந்துச் செலவும், அதைப் பற்றி உம் மகன் சொன்னதும்.
3. மருந்துக்கடைச் செல்லையாவிடம் நான் கொண்டுபோன நூல்.
4. இனி ராஜாவைப் பற்றி விசாரிக்க இந்த ஊரில் ஒருவரும் இல்லை என்பது.

வரிசை சரிதானா என்று தெரியவில்லை. செலவை முதலில் வைத்திருக்கலாமோ? நீர் ராஜாவைத்தான் முதலில் கேட்பீர் என்று இப்படி வைத்தேன்.

ராஜா இருக்கிறான். நான் நாயைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போகிறவன் என்பது உமக்குத் தெரியும். உம்மிடம் பேச வரும்போதெல்லாம் வெளிக்கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே பேசியவன். நீர் அவனை "அவன்" என்பீர். நான் "அது" என்பேன். உம்மை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள், உம் மகன் வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தான். கயிற்றின் மறுமுனையில் ராஜாவும் நின்றான். "ரெண்டு நாளைக்கு வச்சுக்கிடுங்க பெரியப்பா, ஒரு எடம் பாத்துட்டு வாறேன்" என்றான். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.

எனக்கும் அவனுக்கும் பழக்கமாக வெகுநாள் ஆயிற்று. அவன் வாசல் பக்கம் படுப்பான். நான் பின்கட்டில் இருப்பேன். ஒரு காலையில் தொப்பென்று ஏதோ விழுந்த சத்தம். வந்து பார்த்தால் தரையில் பக்கவாட்டில் கிடந்து, ஓடுவதுபோல நான்கு கால்களையும் அடித்துக்கொண்டிருந்தான். வாயில் நுரை. நான் முதலில் நாற்காலியின் மேல் ஏறி நின்றேன். உண்மையைச் சொல்வதுதானே நல்லது? பிறகு இறங்கினேன். அவன் தலை தரையில் மோதாமல் இருக்க என் துண்டை மடித்து அடியில் வைத்தேன். நாயின் தலை இவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எல்லாம் அடங்கிய பிறகு அவன் எழுந்து, என்னை யாரென்று தெரியாதவன்போலப் பார்த்துவிட்டு, சுவரில் முட்டிக்கொண்டான். அன்றிலிருந்து நானும் "அவன்" என்கிறேன்.

ஆட்டோக்காரர் நாயை ஏற்ற மறுத்ததால் மாட்டாஸ்பத்திரிக்கு நடத்தியே கூட்டிப்போனேன். புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார். கன்றுக்குட்டிகள் நிறுக்கும் தராசில் அவனை நிறுத்தார். "இது வலிப்பு சார். மாத்திரையில நிப்பாட்டி வைக்கலாம். ஆனா இங்க மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் மருந்து வருது. மனுசங்களுக்கு உள்ள மாத்திரைதான் இதுக்கும். வெளிய மெடிக்கல்ல வாங்கிக்கிடுங்க" என்றார்.

"எத்தனை நாளைக்கு அம்மா?"

"அது இருக்குத வரைக்கும்."

அன்று ஆஸ்பத்திரிப் பெயர் அச்சடித்த சீட்டு தீர்ந்துபோயிருந்தது. ஒரு வெள்ளைத் தாளில் மாத்திரையின் பெயரை எழுதி, மேலே "ராஜா, 9 வயது, 28 கிலோ" என்று குறித்துக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்த வெள்ளைத் தாளைக் குறை சொல்லலாம் என்று பலமுறை யோசித்தேன். முடியாது. தாள் ஒன்றையும் மறைக்கவில்லை.

முதலில் கொடுத்த மாத்திரை மலிவுதான். ஆனால் இரண்டு மாதத்தில் அவன் கண் மஞ்சளடித்துவிட்டது. ஈரலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டரம்மா வேறு மாத்திரைக்கு மாற்றினார். இரண்டாவது சீட்டும் வெள்ளைத் தாள்தான். புதுமாத்திரை வேளைக்கு ஒன்று, நாளைக்கு மூன்று வேளை. அதன் விலையைக் கேட்டபோது கடைக்காரர் தவறாகச் சொல்கிறார் என்றே நினைத்தேன். மாதத்துக்கு என் பென்ஷனில் கால்வாசி. ஆங்கிலப் பத்திரிகையை நிறுத்தினேன். வாசகசாலையில் போய்ப் படிக்கிறேன். மூக்குக்கண்ணாடியை மாற்றச் சொன்னார்கள். பழையதே போதும் என்று விட்டுவிட்டேன். அதனால் பத்திரிகையும் சரியாகத் தெரிவதில்லை. ஒன்றுக்கொன்று சரியாகிவிட்டது.

விலையைவிட அவன் அதை வீணாக்கியதுதான் என்னை வாட்டியது. நீர் மாத்திரையைக் கறித்துண்டில் வைத்துக் கொடுத்திருப்பீர். நம் வீட்டில் அதற்கு வழியில்லை. பூவன்பழத்தில் வைத்தேன். பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைச் சுத்தமாகத் துப்பி என் முன்னால் வைத்தான். தயிர்சாதத்திலும் அப்படியே. கடைசியில் தனியாக ஒரு பாத்திரம் வாங்கி, என் அடுக்களையில் முட்டை அவித்தேன். மஞ்சள்கருவுக்குள் வைத்தால் முழுங்கிவிடுகிறான். என் தாயார் இருந்திருந்தால் வீட்டைவிட்டே போயிருப்பார்கள்.

உம் மகனிடம் சொல்லவேண்டியது கடமை என்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து பெங்களூருக்குப் பேசினேன். கட்டணப் பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்தால் எனக்குப் பேச்சு திணறும்.

"பெரியப்பா, ஒரு நாய்க்கா இவ்வளவு? ஊரு சிரிக்கும். டாக்டர்ட்ட சொல்லி ஒரு ஊசியப் போட்டு முடிச்சிருங்க. அதுக்கும் கஷ்டம், ஒங்களுக்கும் கஷ்டம். ஊசிக்கு நான் பணம் அனுப்புதேன்" என்றான்.

அவனைத் தவறாக நினையாதீர். என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னான். ஆனால் அடுத்து ஒன்று சொன்னான். "அப்பாவே தன் பிரஷர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போட்டிருக்காவ. மிச்சம் பிடிச்சிருக்காவ. பீரோவுல அட்டை அட்டையா இருந்துச்சு."

உண்மையா தேவசகாயம்? ஒவ்வொரு சாயங்காலமும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று ஊர்க்கதையெல்லாம் பேசினீரே, இதை ஏன் சொல்லவில்லை? விலையைப் பார்த்தா விட்டீர்? நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீரா? கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கதவைத் திறந்து உள்ளே வந்திருந்தால் ஒருவேளை அந்த அட்டைகள் என் கண்ணில் பட்டிருக்குமோ?

"யோசிக்கிறேன்" என்று உம் மகனிடம் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, முடியாது என்று தபாலில் எழுதினேன். யாருக்கும் நான் முடியாது என்று எழுதியது கிடையாது. எழுதிய பிறகு அஞ்சல்பெட்டி முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். ராஜா கயிற்றை இழுத்தான். போட்டுவிட்டேன்.

இனி மூன்றாவது.

மார்க்கெட் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள மருந்துக்கடைச் செல்லையாவை உமக்குத் தெரிந்திருக்கும். மீசை வைத்தவர். புதுமாத்திரைச் சீட்டைக் கொடுத்த அன்று அதை வாசித்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பேரனா சார்வாள்?"

நான் கல்யாணமே செய்யாதவன் என்று சொல்லியிருக்கலாம். நாய் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள். நாய்க்கு இவ்வளவு விலையில் மருந்தா என்று கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம். தலையை எப்படி அசைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் அதை ஆமென்று எடுத்துக்கொண்டார்.

"எந் தம்பிக்கும் இந்தச் சீக்குதான் சார்வாள். ஆத்துல குளிக்கப் போன எடத்துல வந்துட்டு. கூட ஒரு ஆளு இல்ல. பயலைத் தனியா ஆத்துக்கு விட்டுராதிய" என்றார். பிறகு விலையை அடித்து வேறு விலை போட்டார். "எனக்கு வருத லாபம் இதுல வேண்டாம். கொள்முதல் வெலையக் குடுங்க, போதும்."

அன்றே சொல்லியிருக்கவேண்டும். மறுமுறை சொல்லலாம் என்று வந்துவிட்டேன். மறுமுறை போனபோது, கூட்டத்துக்கு நடுவே என்னை முதலில் கூப்பிட்டார்.

"வாங்க சார்வாள். பய எப்படி இருக்கான்? சாப்புடுதானா?"

"சாப்பிடுகிறான்."

"தூங்குதானா?"

"நல்லா தூங்குறான்."

"பள்ளிக்கூடம்?"

"போகலை."

"போவான், போவான். பைய அனுப்பலாம். படிச்சு என்ன செய்ய, மொதல்ல ஒடம்பு தேறட்டும்."

நான் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. சேர்த்துப் பார்த்தால் பொய். இதை வகுப்பில் எத்தனை வருடம் விளக்கியிருக்கிறேன்! ஆனால் ஒன்று சொல்லவேண்டும். நீர் போன பிறகு, நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி என்று என்னிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான். பத்து நாளைக்கு வாங்கவேண்டிய மாத்திரையை ஐந்து ஐந்து நாளாக வாங்க ஆரம்பித்தேன். கையில் பணம் இல்லாததால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் அவர், "எங்க பக்கத்துல வலிப்புக்காரப் பிள்ளையளுக்கு இரும்பு வளையம் போடுவோம். மருந்து மருந்துபாட்டுக்கு இருக்கட்டும். கொல்லாசாரி நமக்கு வேண்டியவரு. பய கையளவை ஒரு நூல்ல எடுத்துக்கிட்டு வாங்க, நானே செஞ்சு தாறேன்" என்றார்.

நான் வேண்டாமென்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, என்ன செய்தேன் என்று சொன்னால் நீர் சிரிப்பீர். ஒரு நூலை எடுத்து ராஜாவின் முன்னங்காலில் சுற்றினேன். மிக ஒழுங்காக, பாதத்துக்கு மேலே மெலிந்த இடத்தில் சுற்றி, ஒரு விரல் இடைவெளி விட்டு முடிச்சுப் போட்டேன். அளவெடுக்கச் சொன்னார், எடுத்தேன். அவனும் பேசாமல் காலைக் கொடுத்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் கடையில் அந்த நூலைக் கொடுத்தேன். செல்லையா அதை விரலில் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "என்ன சார்வாள், ஒம்பது வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு மெலிஞ்ச கையா?" என்றார். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"அது கையில்லை செல்லையா. முன்னங்கால்."

"என்னது?"

"ராஜா நாய். என் சிநேகிதருடைய நாய்."

பின்னால் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். "நாய்க்குக் காப்பா வே? கொலுசும் சேத்துப் போடச் சொல்லும்" என்றார். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். செல்லையா சிரிக்கவில்லை. நூலை மேசைமேல் வைத்தார்.

"மொதல் நாளே சொல்லப்பிடாதா சார்வாள்? நான் எந் தம்பியைச் சொன்னேம்லா?"

பேரனா என்று கேட்டது அவர்தான், நான் ஆமென்று சொல்லவில்லையே என்று ஒரு பதில் இருந்தது. தர்க்கப்படி சரியான பதில். அதைச் சொல்லாமல் இருந்ததற்காக மட்டும் எனக்கு நானே கொஞ்சம் மதிப்பெண் போட்டுக்கொண்டேன். இதுவரை குறைத்துத் தந்ததை எல்லாம் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். "அது கெடக்கட்டும்" என்றார். மாத்திரையை எடுத்து வைத்து, முழுவிலையைச் சொன்னார்.

அதன் பிறகு நான்காவது, ராஜாவைப் பற்றி விசாரிக்க ஒருவரும் இல்லாதது. வேறு கடைக்கு ஏன் போகவில்லை என்று கேட்பீர். அந்த மாத்திரை வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். இது காரணங்களில் ஒன்று. மாதக்கணக்காகப் போகிறேன். சீட்டை நீட்டுவேன், மாத்திரை வரும், முழுவிலை கொடுப்பேன், மிச்சச் சில்லறை வரும். என் முகத்தைப் பார்ப்பதில்லை. வாங்க என்பதும் இல்லை. விலை கூடியதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, தேவசகாயம். நேற்றைக்கு முன்தினம் ராஜாவுக்கு மறுபடி வந்தது, லேசாக. துண்டை வைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டேன். அடங்கியதும் யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது. வீட்டில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துவிட்டு முட்டை அவிக்கப் போனேன்.

இவ்வளவும் மத்தியானத்துக்குள் எழுதி வைத்துவிட்டு, மாத்திரை தீர்ந்ததால் சாயங்காலம் கடைக்குப் போய் வந்தேன். மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

கடையில் நல்ல கூட்டம். என் முறை வந்தது. செல்லையா அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"நாய் எப்படி இருக்கு சார்வாள்?"

நான் யாரையோ கேட்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

"ஒங்களத்தான்."

"முந்தாநாள் வந்தது. லேசாகத்தான்."

"எவ்வளவு நேரம்?"

சொன்னேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அடிக்கடி வந்தா டாக்டரம்மாட்ட அளவைக் கேட்டுக்கிடுங்க. நீங்களா கூட்டிக் குறைச்சுக் குடுத்துராதிய" என்றார். பிறகு விலையைச் சொன்னார். முழுவிலைதான். ஒரு பைசா குறைக்கவில்லை. எனக்கு அதுவே சரியாகப் பட்டது.

அக்கறையில் கேட்டாரா, வியாபாரத்துக்காகக் கேட்டாரா? வாய் தவறி வந்த பழைய வழக்கமா? வரும் வழியெல்லாம் யோசித்தேன். எதுவானாலும், நாய் என்று தெரிந்தே கேட்டிருக்கிறார்.

ராஜா இருக்கும்வரை அவன் மாத்திரையில் ஒரு வேளைகூடத் தவறாது. மிச்சம் பிடிக்கமாட்டேன். இது உமக்கு நான் தரும் வாக்கு. எனக்கும் ஒரு பிரஷர் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள். அதையும் அவனுக்குக் கொடுக்கும் வேளையிலேயே போட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை அடித்துத் திருத்துவது எனக்குப் பிடிக்காது. மேலே உள்ளவை அப்படியே இருக்கட்டும். ஆனால் நான்காவதாக எழுதியது தவறு.

இப்படிக்கு,
ராஜாவுக்குப் பெரியப்பாவும் உமக்கு அண்ணாச்சியுமான
சங்கரலிங்கம்
பாளையங்கோட்டை