தர்சினியோடு டானியூப் பள்ளத்தாக்கில்

புதன், ஆகஸ்ட் 13

வெயில் 33. சைக்கிளுக்குக் காற்று, எண்ணெய். பின் பிரேக் கட்டை புதிது. முழங்காலுக்குப் பூசும் மருந்து, தொப்பி, இரண்டு தண்ணீர்ப் போத்தல்.

நாளை மகளோடு பயணம். மூன்று நாள், டானியூப் ஓரமாகச் சைக்கிளில். அவள்தான் கேட்டாள். இரண்டு வருடமாக வீட்டு வாசலை மிதிக்காதவள். எனக்கு விடுமுறை எப்போது என்று தாயிடம் விசாரித்து, தங்க அறைகளும் பதிந்துவிட்டாள்.

மலர் காலையிலிருந்து குசினியில். இடியப்பம், கட்டைச்சம்பல், பாண். இந்தச் சூட்டில் எல்லாம் பழுதாகும் என்றேன். கேட்கவில்லை.

"போயிட்டு வாங்கோ. அவள் சொல்லுறதைக் கொஞ்சம் கேளுங்கோ."

"என்ன சொல்லப் போறாள்?"

"எனக்கென்ன தெரியும்?"

முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். முப்பது வருடம் கூட இருந்தவளின் பொய் தெரியாதா?

அவள் விரும்பிய அந்தப் பெடியனோடான தொடர்பு முடிந்திருக்கும். அப்படியானால் நான் ஒன்றும் கேட்கமாட்டேன். தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளமாட்டேன்.

வியாழன், ஆகஸ்ட் 14

காலை ரயில். டோனாவ்எஷிங்கனில் தர்சினி நின்றாள். மெலிந்திருக்கிறாள். மோட்டார் சைக்கிள் மாதிரி ஒரு மின்சாரச் சைக்கிள், வாடகைக்கு எடுத்தது. எனக்கும் ஒன்று எடுத்திருக்கலாமாம். என் கால் இன்னும் வேலை செய்கிறது என்றேன்.

சமதரை. சோளம், வைக்கோல் உருளைகள், குதிரை ஈ. அவள் பின்னாலிருந்து, "அப்பா, கியரை மாத்துங்கோ, முழங்கால் நோகும்." இரண்டு தடவை. மாற்றினேன். நோகத்தான் செய்தது.

இம்மெண்டிங்கனுக்குப் பிறகு ஆற்றைக் காணவில்லை. உண்மையாகவே இல்லை. பாலம் இருக்கிறது, கரை இருக்கிறது, நடுவில் வெள்ளைக் கற்கள். அடியில் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளாம், கோடையில் தண்ணீர் முழுவதும் உள்ளே இறங்கி வேறு எங்கோ வெளியே வருகிறதாம். பலகையில் எழுதியிருந்தது.

சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு ஆற்றுக்குள் நடந்தோம். காய்ந்த பாசி மணம். கடைசியாக மிஞ்சிய குட்டையில் மீன்குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து மூடின. ஒரு கல் உருள, தர்சினி என் கையைப் பிடித்தாள். இருபத்தேழு வயது. கையை உடனே விடவில்லை.

"அப்பா, டானியூப்பை நடந்து கடந்திட்டம் எண்டு அம்மாட்டைச் சொல்லுவம்."

சிரித்தாள். நானும்.

டுட்லிங்கனில் அறை. 38 கி.மீ. இடியப்பம் புளித்துவிட்டது, வீசினோம். பீட்சா. கிழமைக்கு எத்தனை நாள் இரவு வேலை, ஆஸ்பத்திரியில் மற்றத் தாதிமார் யார் எப்படி என்று எல்லாம் சொன்னாள். நல்ல நாள் என்று எழுதலாம். எழுதிவிட்டேன்.

வெள்ளி, ஆகஸ்ட் 15

மாதா திருநாள். காலையில் சிறு தூறல், பிறகு வெயில்.

ஃபிரிடிங்கன் தாண்டியதும் பள்ளத்தாக்கு ஒடுங்கியது. இரண்டு பக்கமும் வெள்ளைப் பாறை, வீட்டு மாடிகளைவிட உயரம். இடையில் ஆறு, பாதை, ஒற்றைத் தண்டவாளம், அவ்வளவுதான். தண்ணீர் திரும்பவும் நிறைய. பொய்ரோன் மடத்துக் கோயிலில் பூசை. தர்சினி நன்மை அப்பம் எடுக்கப் போகவில்லை. நான் போனேன்.

பிறகு காட்டுப் பாதையால் பாறை உச்சிக்கு நடந்தோம். ஒன்றரை மணி நேர ஏற்றம். மேலே கம்பி வேலி, உட்கார வாங்கு ஒன்று. கீழே ஆறு வளைந்து கிடந்தது. எதிர்மலையில் கோட்டை. பாணும் சம்பலும் எடுத்து வைத்தேன். அவள் தொடவில்லை.

"அப்பா, எங்களுக்கு எழுத்து முடிஞ்சுது. மே மாதம், நகரசபையிலை."

எனக்கு உடனே விளங்கவில்லை. என்ன எழுத்து என்று கேட்டேன். கலியாணம்.

"நிரோஷனோடையோ?"

"ஓம்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் வந்திருப்பீங்களோ?"

எடுத்து வைத்த பாணைத் திரும்பச் சுற்றினேன். "அம்மாவுக்குத் தெரியுமோ?"

"அம்மா வந்தவா. சாட்சிக் கையெழுத்தும் அவாதான்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே ஒரு ரயில் போனது, சிவப்பு, இரண்டு பெட்டி.

"நாங்கள் பெத்து வளர்த்து..." என்று தொடங்கினேன். அவள் விடவில்லை.

"அவர் முதல்முதல் வீட்டை வந்த நாள் அம்மா பீங்கான் கோப்பையிலை தேத்தண்ணி ஊத்தினவா. நீங்கள் அதை வாங்கி, பேப்பர் கப்பிலை மாத்திக் குடுத்தனீங்கள். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"கோப்பை வெடிச்சிருந்தது."

"அப்பா." சத்தம் போடவில்லை. "இங்கை பிறந்த எனக்கு அது என்னெண்டே விளங்கேல்லை. அவருக்கு விளங்கினது. முழுக்கக் குடிச்சுப்போட்டு, நல்லாயிருக்கு மாமி எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

இன்னொரு தம்பதி மேலே வந்தார்கள், ஜெர்மன்காரர். நல்ல காட்சி, இல்லையா என்றார்கள். ஆம் என்றேன்.

அவர்கள் போனபின் அவள் சொன்னது: "நான் உங்களிட்டைக் கேக்க வரேல்லை. சொல்லத்தான் வந்தனான்."

ஹவுசன் கிராமத்தில் அறை. பக்கத்து அறையில் அவள். சாப்பிடப் போகவில்லை.

என்ன சாதி என்பதை இந்தக் கொப்பியில்கூட எழுதமாட்டேன். எழுதாததால் இல்லாமல் போகவுமில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி முகாமில் நானும் நிரோஷனின் தகப்பன் தாசனும் ஒரே அறை, பதினான்கு மாதம். ஒரு சட்டி. அவன் சமைப்பான், நான் கழுவுவேன். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி பருக்கியவன். அப்போது எனக்குத் தெரியாதா? தெரியும். விசா கிடைத்து, வீடு எடுத்து, எங்கள் ஆட்கள் நாலு பேர் வந்துபோகத் தொடங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

மலருக்குப் போன் எடுக்கவில்லை. அவள் மூன்று தடவை எடுத்தாள்.

சனி, ஆகஸ்ட் 16

34 வரும் என்றது வானிலை.

பேசாமல் புறப்பட்டேன். தர்சினி இருநூறு மீற்றர் பின்னால். அந்த மோட்டாரோடு அவள் எப்போதோ முந்தியிருக்கலாம். முந்தவில்லை. அதுவும் எரிச்சல்.

வழி முழுவதும் அழகு. பாறைக்குள் குடைந்த சிறு சுரங்கம், ஆற்றில் படகுக்காரர், கரையில் பிள்ளைகள். எல்லோரும் கை காட்டினார்கள். ஒருவருக்கும் காட்டவில்லை. யாராவது கேட்டால், எல்லாம் பார்த்தேன் என்று சொல்லலாம்.

சிக்மரிங்கன் ஸ்டேஷன் வாசலில் நிரோஷன். காரின் பின்னால் சைக்கிள் தாங்கி. தாடி வைத்திருக்கிறான். தாசனின் அதே நெற்றி.

"வணக்கம் மாமா. சரியான வெயில், காரிலை வாங்கோ. உங்கடை சைக்கிளுக்கும் இடம் இருக்கு."

தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். குளிர்ந்து வேர்த்திருந்தது. என்னுடைய இரண்டும் காலி.

"ரிக்கெட் எடுத்திட்டன்" என்றேன். எடுத்திருக்கவில்லை.

அவன் போத்தலை நீட்டியபடியே நின்றான். தர்சினி அதை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"விடுங்கோ. அப்பாவுக்கு ஏலாது."

கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நோயாளியைப் பற்றி இன்னொரு தாதிக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

கார் போனது. என் ரயில் ரத்து. அடுத்தது ஒன்றரை மணி நேரம் கழித்து. மேடையில் நிழல் இல்லை. தண்ணீர் மெஷின் வேலை செய்யவில்லை. கழிப்பறைக் குழாயில் குடித்தேன்.

ஞாயிறு, ஆகஸ்ட் 17

கோயிலுக்குப் போகவில்லை. முழங்கால் வீக்கம்.

மலர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் இருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"எழுத்து எண்டைக்கு நடந்தது?"

"மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை."

"நான் எங்கை?"

"உங்களுக்குக் காலை வேலை."

"என்ன சீலை கட்டினனீ?"

"நீலம். நீங்கள் எடுத்துத் தந்தது."

அவள் எழுந்து போனாள்.

அந்த வெள்ளி இப்போது ஞாபகம். மூன்று மணிக்கு வேலையால் வந்தேன். மேசையில் கேக். யாருக்கோ விசேஷம் என்றாள். நல்ல பசி. இரண்டு துண்டு சாப்பிட்டேன். நல்லாயிருக்கு, ஆர் செய்தது என்று கேட்டேன்.

"தெரிஞ்ச ஆக்கள்" என்றாள்.